கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: கிளினிக்கா, கோயில் மண்டபமா, வீடா, வேனா?

ஆகஸ்ட், தென்னாப்பிரிக்காவில் பெண்கள் மாதம். அது நெருங்கும்போது டர்பன் பகுதியின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட், மெரிபேங்க் பக்கமுள்ள கோயில் மாதர் குழுக்களும் நலச் சங்கங்களும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏதாவது செய்ய வேண்டும், எதைச் செய்வது? பெண்களைச் சேர்த்து கிளினிக்குக்கு அனுப்பி பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயின் செல்லை எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லலாம். மண்டபத்திலேயே, இந்நோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனை வைக்கலாம். பெண் தானே மாதிரி எடுக்கும் கிட்டை வீட்டுக்கு வீடு கொடுக்கலாம். அன்றே முடிவு சொல்லும் வேனை வரவழைக்கலாம். நான்கும் நடக்கக்கூடியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் கைவிடும். எது எங்கே கைவிடும் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது.

## எதை வைத்து எடைபோடுவது

தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் காணப்படுவது இதுதான். காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70% நோய்க்குக் காரணம். தொற்று வந்ததும் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. சாதாரண உடல்நிலையில் அது முற்றுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளில் முற்றலாம். பரிசோதனையின் வேலை, இந்த இடைவெளியில் புற்றாக மாறக்கூடிய திசுவைப் பிடித்து அகற்ற வழி செய்வது.

அதனால் எடைபோட வேண்டியவை இவை. சோதனை எவ்வளவு தவறவிடுகிறது? இதுவரை ஒருமுறைகூடச் சோதித்துக்கொள்ளாத பெண் வருவாரா? முடிவுக்கும் சிகிச்சைக்கும் அவர் எத்தனை முறை அலைய வேண்டும்? ரகசியம் காக்கப்படுமா? போஸ்டரில் எழுதாத செலவு எது? இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது இன்னொன்று: பாசிட்டிவ் வந்த பெண்ணை எந்த மருத்துவமனை, எந்தத் தேதியில் பார்க்கும்?

கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். சோதிப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு பாசிட்டிவ் வரும் என்று திட்டத்துக்காக வைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் அதிகம் வந்தால் இது கூடும். உங்களை ஏற்கும் மருத்துவமனை மாதத்துக்கு 6 பேரைப் பார்க்கிறோம் என்றால், மாதத்துக்கு 30 பேரைச் சோதிப்பதோடு நிறுத்துங்கள். 200 பேர் வந்த முகாம் என்று படம் போட்டுக்கொள்ளலாம். 40 பேர் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அரை ஆண்டு காத்திருந்தால் அது முகாம் அல்ல, பயமுறுத்தல்.

| | கிளினிக்கில் பாப் | மண்டபத்தில் எச்.பி.வி. | வீட்டுக்கு வீடு கிட் | வேன் |
|---|---|---|---|---|
| யார் மாதிரி எடுக்கிறார் | சிஸ்டர் (நர்ஸ்) | பெண் தானே | பெண் தானே | தானே அல்லது சிஸ்டர் |
| ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) | தேவை | தேவையில்லை | தேவையில்லை | சிகிச்சைக்குத் தேவை |
| ஒரே சோதனையில் தவறவிடுதல் | அதிகம் | குறைவு | குறைவு | குறைவு |
| முடிவு | வாரக்கணக்கில் | லேபைப் பொறுத்து | லேபைப் பொறுத்து | அன்றே |
| ஒரு நாளில் எத்தனை பேர் | கிளினிக்கின் வரிசைப்படி | 50–60 | 10–15 வீடுகள் | 25க்கு உள்ளே |
| எங்கே கைவிடும் | பெண்கள் வராமை | பின்தொடர்தல் | மாதிரி திரும்பாமை | மின்சாரம், எண்ணிக்கை |

## கிளினிக்கில் பாப் ஸ்மியர்

புதிதாக எதையும் கட்டியெழுப்ப வேண்டாம் என்பதே இதன் பெரிய பலம். அரசு கிளினிக்கில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு 10 ஆண்டு இடைவெளியில் வாழ்நாளில் மூன்று முறை இலவசமாக எடுக்க தேசியக் கொள்கை இடம் தருகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நோய் தெரிந்ததுமே ஒருமுறை, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. முடிவு அரசு லேபின் பதிவிலேயே இருக்கும். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் கடிதமும் அங்கேயே எழுதப்படும்.

பலவீனம் சோதனையில் இருக்கிறது. பாப் என்பது செல்லைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மனிதக் கண் பார்க்கும் சோதனை. கர்ப்பப்பை வாயில் மாற்றம் நிகழும் பகுதியைப் பிரஷ் தொடவில்லை என்றாலும், தகட்டில் தடவிய உடனே ஃபிக்ஸர் (செல்லைக் காயாமல் காக்கும் திரவம்) அடிக்காமல் செல் காய்ந்துவிட்டாலும், ரத்தம் கலந்தாலும் மாதிரி பயனற்றுப் போகும். மாதிரியை திரவத்தில் கழுவி அனுப்பும் முறையில் காய்ந்துபோகும் பிரச்சினை இல்லை. அப்போதும் ஒரே முறை எடுக்கும் பாப், புற்றுக்கு முந்தைய நிலையில் கணிசமான பங்கைத் தவறவிடும். அடிக்கடி திரும்ப எடுப்பதால்தான் அது பல நாடுகளில் பலன் தந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும்போது அந்தத் தவறல் உறுத்தும்.

மறைந்த செலவு பெண்ணின் ஒரு நாள். காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், வேலைக்கு லீவு, டாக்ஸிக் காசு. இன்னொன்று, கூச்சம். தெரிந்த சிஸ்டர் முன்னால் ஸ்பெகுலத்துக்குப் படுப்பதைவிட வராமலே இருப்பது மேல் என்று எண்ணும் ஐம்பது வயது அம்மாக்களை எந்த விழிப்புணர்வுப் பேச்சும் எளிதில் அசைப்பதில்லை.

உங்கள் பகுதி கிளினிக்கில் வரிசை குறைவு, உங்கள் குழுவில் சிஸ்டர் யாரும் இல்லை, பணமும் இல்லை என்றால் இதையே செய்யுங்கள். வாரம் ஒரு நாள் ஐந்து பேருக்கு நேரம் ஒதுக்கித் தரும்படி கிளினிக் பொறுப்பாளரிடம் கேட்டு, ஒரு கார் ஏற்பாடு செய்தால் போதும். பகட்டில்லாத வழி, ஆனால் ஓர் ஆண்டு விடாமல் நடந்தால் பெரும்பாலான முகாம்களைவிட அதிகம் செய்துவிடும். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.வி. மாத்திரை வாங்கப் போகும் பெண்களுக்கு அதே வருகையில் பாப் எடுத்துக்கொள்வதுதான் மிக எளிது.

## மண்டபத்தில் எச்.பி.வி. சோதனை

2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் சோதனையாக எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையையே முன்வைத்தது. பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. பெண் தானே எடுக்கும் மாதிரியையும் அது ஏற்றது. பி.சி.ஆர். (வைரஸின் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் முறை) அடிப்படையிலான சோதனையில், தானே எடுத்த மாதிரி சிஸ்டர் எடுத்த மாதிரிக்கு ஏறக்குறைய இணையாக நிற்கிறது. எல்லா எச்.பி.வி. சோதனைக்கும் இது பொருந்தாது. எம்.ஆர்.என்.ஏ. (வைரஸின் இன்னொரு மரபுப்பொருள்) வகைச் சோதனைக்குச் சுகாதாரப் பணியாளர் எடுத்த மாதிரியைத்தான் அந்த வழிகாட்டுதல் ஏற்கிறது. எனவே லேபிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பெண் தானே எடுத்த மாதிரிக்கு, இந்தக் குச்சியோடு, இந்தத் திரவத்தோடு உங்கள் சோதனையைச் சரிபார்த்திருக்கிறீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எச்.பி.வி. சோதனைக்கு ஆதாரம் வலுவானது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனை, பரிசோதனை இல்லாத பிரிவோடு ஒப்பிட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அதே ஆய்வில் பாப் பிரிவில் அப்படித் தெளிவான குறைவு காணப்படவில்லை. நம் நாட்டிலேயே கேப்டவுனை ஒட்டிய கயலிட்ஷாவில் 6,555 பெண்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் உடனே சிகிச்சை என்ற வழி பாதுகாப்பானது, பலன் தருவது என்று காட்டியது. ஆக, சோதனையைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டியதில்லை. சந்தேகப்பட வேண்டியது நம் ஏற்பாட்டை.

மாதிரி எடுப்பது எளிது. கை கழுவி, குச்சியின் பஞ்சுப் பக்கத்தையும் தண்டில் உடைக்கும் கோட்டுக்குக் கீழேயும் தொடாமல் பிடித்து, பிறப்புறுப்புக்குள் சுமார் 5 செ.மீ. மெதுவாக நுழைத்து, கிட் தாளில் சொல்லும் நேரமோ சுற்றோ (பல கிட்டுகளில் 20 விநாடி, அல்லது ஐந்து சுற்று) சுழற்றி எடுக்க வேண்டும். கர்ப்பப்பை வாயைத் தொட வேண்டும் என்ற கட்டாயமில்லை. வலித்தால் நிறுத்தலாம். முந்தைய இரண்டு நாள் யோனிக்குள் கிரீம், மாத்திரை வைக்காமலிருந்தால் நல்லது. மாதவிலக்கு அதிகமாக இருக்கும் நாளில் வேண்டாம். கர்ப்பிணிகள் பிரசவத்துக்குப் பிறகு வரலாம்.

திரவக் குப்பியைப் பெண்ணின் கையில் கொடுக்காதீர்கள். செல்லைப் பாதுகாக்கும் பல திரவங்களில் மெத்தனால் இருக்கிறது: விஷம், தீப்பற்றும். மண்டபத்தில் விளக்கு எரிகிறது, குழந்தைகள் ஓடுகிறார்கள். பெண் குச்சியை அதன் உறையில் வைத்துக் கொண்டுவரட்டும். குப்பியில் இடுவது மேசையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டரின் வேலை. லேபிளை அப்போதே, அந்தப் பெண் எதிரில் நிற்கும்போதே ஒட்ட வேண்டும். நாயுடுவும் கோவிந்தரும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்கும் ஊரில், குடும்பப் பெயரும் முதலெழுத்தும் மட்டும் எழுதிய லேபிள் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. 13 இலக்க அடையாள எண் முழுதாக வேண்டும்.

தாழ்ப்பாள் உள்ள இரண்டு சிறு அறை, கை கழுவத் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி. இவ்வளவு இருந்தால் ஒரு பெண்ணுக்கு ஆறு ஏழு நிமிடம் போதும். நெரிசல் அறையில் அல்ல, படிவ மேசையில் வரும். ஒரு படிவத்துக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அதனால் மூன்று மேசை போடுங்கள், நடுவே இடைவெளி விடுங்கள். எச்.ஐ.வி. பற்றிய கேள்வி திறந்த மேசையில் கூடாது. அது சிஸ்டரிடம் தனியே. பதிவேட்டை போனில் படமெடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போடும் பழக்கம் பல கமிட்டிகளில் இருக்கிறது. உடல்நலத் தகவல் இந்நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தனிக் காப்புப் பெற்றது. பதிவேட்டை ஒருவர் மட்டும் பூட்டி வைக்க வேண்டும்.

செலவில் பலர் மறப்பவை: செல் போதாமல் முடிவில்லை என்று திரும்பும் மாதிரிகளுக்கு இரண்டாவது கிட், லேபுக்கு எடுத்துப் போகும் கூரியர், முடிவைச் சொல்ல ஒரு சிஸ்டரின் இரண்டு மூன்று முழு நாட்கள். கடைசியாகச் சொன்னதற்குப் பணம் ஒதுக்காத முகாமை வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

## வீட்டுக்கு வீடு

சோதனை அதேதான், இடம் மட்டும் வேறு. படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டு வர முடியாத மருமகள், மண்டபத்துக்கு வந்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று தயங்குபவர், தனியே வாழ்பவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

கிட்டைக் கொடுத்துவிட்டு "நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று போனால் பாதி திரும்பாது. கெட்ட எண்ணத்தால் அல்ல. அலமாரிக்குள் போன பொருள் அலமாரியிலேயே இருந்துவிடும். சுகாதாரப் பணியாளர் வாசலில் பத்து நிமிடம் காத்திருந்து கையோடு வாங்கிப் போவதே சரி. கணவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவதா, இருவருக்கும் சேர்த்துச் சொல்வதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

ஒரு நாளைக்கு 10, 15 வீட்டுக்கு மேல் ஓடாது. தலைக்கு ஆகும் செலவு நான்கில் இதற்குத்தான் அதிகமாகப் போகக்கூடும். அதனால் இதைத் தனித் திட்டமாக்காமல், மண்டபத்துக்கு வராதவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு பிறகு செய்வது சிக்கனம்.

## வேன்: அன்றே முடிவு, அன்றே சிகிச்சை

கேட்க மிக அழகான வழி. காசநோய்க்காக இந்நாடு முழுவதும் புழங்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியிலேயே எச்.பி.வி. கார்ட்ரிட்ஜும் (மாதிரியை இட்டுக் கருவியில் செருகும் சிறு பெட்டி) ஓடும். 14 ஆபத்தான வகைகளைத் தேடி, 16ஐத் தனியாகவும் 18, 45ஐ ஒரு சேர்த்தியாகவும் காட்டும். ஒரு ஓட்டம் சுமார் ஒரு மணி நேரம். பாசிட்டிவ் என்றால் கர்ப்பப்பை வாயைப் பார்த்து, தகுதியிருந்தால் 100 டிகிரி அல்லது அதற்கு மேல் சூடான முனையை 20 முதல் 40 விநாடி வைத்து அந்தத் திசுவைச் சுட்டுவிடலாம். பெண் இரண்டாவது முறை வரத் தேவையில்லை என்பதால் இடையில் தொலைந்துபோவோர் எண்ணிக்கை சரியும்.

இனிக் கணக்கு. சாதாரணமாகக் கிடைப்பது நான்கு அறை உள்ள கருவி: மணிக்கு நான்கு சோதனை. முதல் மாதிரி ஒன்பது மணிக்கு ஏறினால், மாலை நான்குக்குள் 28. கடைசி முடிவுக்குப் பிறகு சிகிச்சைக்கும் நேரம் வேண்டும் என்றால் 20 முதல் 24. "வேன் வருகிறது, எல்லோரும் வாருங்கள்" என்று அறிவித்து 80 பேர் வந்தால், அன்றே முடிவு என்ற ஒரே சிறப்பு அங்கேயே போய்விடும்.

ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் அந்த நான்கு கார்ட்ரிட்ஜும் வீண். மின்வெட்டு அட்டவணை இல்லாத மாதத்திலும் யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்கக் கூடாது. கார்ட்ரிட்ஜ்கள் 28 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. பிப்ரவரியில் டர்பன் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் அந்த எல்லையை நண்பகலுக்கு முன்பே தாண்டிவிடும்.

எல்லோரையும் சுடவும் முடியாது. மாற்றம் கர்ப்பப்பை வாயின் உட்குழலுக்குள் போயிருந்தாலோ, முழுதாகக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ, புற்று என்று சந்தேகம் வந்தாலோ மருத்துவமனைக்கு அனுப்பி, வயர் வளையத்தால் வெட்டி எடுப்பதோ திசுச் சோதனையோ செய்ய வேண்டும். மாதவிடாய் நின்றவர்களிடம் மாற்றப் பகுதி உள்ளே இழுத்துக்கொள்வதால் இப்படி அனுப்ப வேண்டியவர்கள் அதிகம். ஆக வேன் வந்தாலும் மருத்துவமனைத் தேதி வேண்டும்.

சாலை வசதி குறைந்த, கிளினிக் எட்டாத இடங்களுக்கு வேன். வடக்குக் கரையின் பழைய கரும்புத் தோட்டப் பகுதிகளில் சிதறி வாழும் குடும்பங்களுக்கு அது பொருந்தும். ஆர்.கே. கான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும் சாட்ஸ்வொர்த்துக்கு வேன் கொண்டுவருவது வீண் செலவு.

## வினிகர் தடவிப் பார்ப்பது?

இதையும் கேட்கிறார்கள். 3 முதல் 5% அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் முறை. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில் இது புற்றுநோய் மரணத்தை 35% குறைத்தது. ஆகவே ஏளனமாகப் பார்க்க வேண்டாம். ஆனால் பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் பொறுத்து விடை மாறும், 50 வயதைத் தாண்டியவர்களுக்குச் சரிவராது. எச்.பி.வி. பாசிட்டிவ் ஆனவருக்கு அடுத்த படியாக வைத்துக்கொள்ளலாம். முதல் சோதனையாக வேண்டாம்.

## முடிவைச் சொல்லும் போன்

கிளினிக்கைத் தவிர்த்த எந்த வழியிலும் வெற்றி தோல்வி இதில்தான். படிவத்தில் இரண்டு நம்பர் வாங்குங்கள். "எந்த நம்பரில் கூப்பிட்டால் உங்களுக்கு மட்டும் கேட்கும்?" என்று கேட்டு வாங்குங்கள். பல வீடுகளில் அம்மாவின் போன் மகன் கையில் இருக்கிறது.

பேசுபவர் சிஸ்டராக இருக்கட்டும், கமிட்டி உறுப்பினராக அல்ல. சொல்ல வேண்டியவை: இது புற்றுநோய் முடிவு அல்ல. உடலுறவு உள்ள பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் எப்போதாவது இந்தத் தொற்று வரும்; பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டில் தானே போய்விடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சோதனை சொல்லாது. வைரஸ் பல ஆண்டு அடங்கியிருந்து தலைகாட்டலாம். இந்த வாக்கியத்தை விட்டுவிட்டால், கணவரை இழந்து பதினைந்து ஆண்டான ஒரு பெரியம்மா தன் மகளிடம்கூடச் சொல்லாமல் அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடுவார். கடைசியாக, அதே அழைப்பில் தேதி கொடுங்கள். "பிறகு கூப்பிடுகிறோம்" என்பது பலருக்கு "ஒன்றும் இல்லை" என்றுதான் காதில் விழும்.

சிகிச்சை பெற்றவர்களுக்கு 12 மாதம் கழித்து மறுசோதனை உண்டு. பதிவேட்டை வைத்திருப்பவர் அடுத்த ஆண்டும் அந்தப் பொறுப்பில் இருப்பாரா என்று இப்போதே பாருங்கள். கோயில் கமிட்டித் தேர்தல் இடையில் வரும்.

## யாருக்கு எது

மண்டபம் இருக்கிறது, ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவராவது கிடைப்பார், ஒரு மருத்துவமனை தேதி ஒதுக்கித் தருகிறது: மண்டபத்தில் எச்.பி.வி. சோதனை, வராதவர்களுக்கு வீட்டில். டர்பன் பகுதிக் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இதையே பரிந்துரைப்போம். தேதி ஒதுக்க யாரும் இல்லை என்றால் மண்டபம் வேண்டாம், கிளினிக்குக்கு வாரம் ஒரு கார்.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உள்ள பெண்கள் முகாம் கிட்டைப் பயன்படுத்த வேண்டியதில்லை. தங்கள் திட்டத்தில் பரிசோதனைப் பலன் என்ன என்று கேட்டுத் தங்கள் மருத்துவரிடம் செய்துகொள்ளட்டும். மிச்சமாகும் கிட்டுகள் அந்த வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் போகலாம். அவர்களுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. படிவ மேசையில் ஜுலு பேசும் ஒருவர் வேண்டும். நம் கோயில், நம் பெண்கள் என்று மட்டும் நினைத்துப் போஸ்டர் அடித்தால் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் வெளியே நிற்பார்கள்.

உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், துர்நாற்றத்தோடு நீர் போவது, விடாத இடுப்புவலி ஆகியவை உள்ளவருக்கு இந்த நான்கில் எதுவும் பொருந்தாது. அவருக்குத் தேவை பரிசோதனை முகாம் அல்ல, மருத்துவர் நேரில் பார்ப்பது. கிட் கொடுத்து அனுப்பி, நெகட்டிவ் வந்து, அவர் நிம்மதியாக வீட்டில் இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய கேடு இல்லை. படிவத்தின் முதல் கேள்வியாக இதை வையுங்கள். புற்றுநோய் அல்லாத காரணத்துக்காகக் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து எடுத்துவிட்டவருக்கும், அதற்குமுன் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்ததில்லை என்றால், சோதனை தேவையில்லை. பள்ளியில் 2014 முதல் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட மகள்கள் 30 வயதில் சோதனைக்கு வர வேண்டும். தடுப்பூசி எல்லா வகையையும் மறைப்பதில்லை.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கூட்டம் தானே வருகிறதே என்று ஆடிக் கூழ் பூஜை நாளிலோ, புரட்டாசிச் சனிக்கிழமையிலோ, காவடிக்கு விரதம் இருக்கும் வாரத்திலோ முகாமை வைக்காதீர்கள். விரதச் சுத்தத்தோடு வந்த பெண் அந்த அறைக்குள் போக மாட்டார். வற்புறுத்தினால் அடுத்த முறை கோயிலுக்கே வரத் தயங்குவார். பூஜை நாளில் பெயரும் நம்பரும் மட்டும் எழுதிக்கொண்டு, சோதனையை அடுத்த வாரம் ஞாயிறு பிற்பகல் கோயிலுக்கு வெளியே பள்ளி ஹாலில் வையுங்கள். வாசலில் பேனர் கட்டும்போது "பெண்கள் நலச் சோதனை" என்று போட்டால் போதும். உள்ளே எதற்காகப் போகிறார் என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை.